முதல் இடத்தில் நீ எழுதிய ஊர்

சாமி,

நேற்றுச் சாயங்காலம் போனில் கத்தியது நான்தான். ஆனால் கத்தும்போது நான் சொன்ன காரணம் ஒன்றுகூட உண்மையில்லை. ரத்தவியல் மேல்படிப்புக்கு ஊர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும், வெள்ளிக்கிழமையோடு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள் என்று நீ நிதானமாகத்தான் ஆரம்பித்தாய். வேலூர், கோயம்புத்தூர், சென்னை என்று வரும் என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். நீ முதல் இடத்தில் எழுதியிருப்பது சத்தீஸ்கரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி என்றாய். அப்புறம் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே முழுசாக நினைவில்லை. குளிர் என்றேன், காடு என்றேன், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றேன், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றேன். "மாத்திப் போடுறா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஓடி வந்தாள். "ஏனுங்க, மொகமெல்லாம் இப்புடி வேர்த்துக் கொட்டுது, சுகரு எறங்கிப் போச்சாட்ட இருக்குது" என்று சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் அதையும் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

அம்மா என்னவோ நீ தூரமாகப் போகிறாய் என்றுதான் நான் இடிந்து உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறாள். அவள் பங்குக்கு அவளும் இடிந்துதான் இருக்கிறாள். "அத்தன தூரத்துல போயி உக்காந்துக்கிட்டா எந்த ஒறம்பரை பொண்ணு குடுப்பாங்க?" என்று காலையிலிருந்து மூன்று பேருக்குப் போன் போட்டுவிட்டாள். தூரம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று உனக்கே தெரியும். திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவனுக்குத் தூரம் என்ன தூரம்? மற்றவர்கள் தேசத்தைப் படத்தில் பார்ப்பார்கள், நாங்கள் பாறையில் பார்த்தோம். எந்த ஊரில் மேல்மண் இளகல், எங்கே மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் ஆழமாக இறக்க வேண்டும், எங்கே இருநூறு அடியில் துளையிடும் ராடு இறுகிக்கொள்ளும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். உனக்குச் சின்ன வயதில் கதை சொல்லத் தெரியாமல் போர் போட்ட கதையைத்தான் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் டீச்சர் மாநிலங்களின் பெயரைக் கேட்டபோது, நீ ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சேர்த்துச் சொல்லி, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தாயே, அது மறந்திருக்காது.

போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். "நோய் எங்க இருக்குதோ அங்க போயிப் படிக்கோணுமுங்கப்பா. தண்ணி இல்லாத எடத்துல நீங்க போர் போடுவீங்களா?" என் தொழிலை எடுத்து என் தலையிலேயே போட்டாய். அதற்குத்தான் இன்னும் அதிகமாகக் கத்தினேன். வேறு எந்த மாநிலத்தை எழுதியிருந்தாலும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் உனக்குக் கம்பளி வாங்கப் போயிருப்பேன். இந்த ஒரு சீமைதான் வேண்டாமென்று இருந்தேன். ஏன் என்று எழுதுகிறேன். இதை அம்மா படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் படிக்கத்தான் செய்வாள். படிக்கட்டும், அவளிடமும் இதுவரை சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இதய டாக்டருக்குப் படிக்காமல் ரத்தம் ரத்தம் என்று ஏன் அலைகிறாய் என்று அம்மா கேட்டாள். நீ உற்சாகமாகிவிட்டாய். வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணு சிலருக்கு அரிவாள் மாதிரி வளைந்துவிடும், சின்னச் சின்ன நாளங்களில் போய் அடைத்துக்கொள்ளும், எலும்புக்குள்ளிருந்து உயிர் போகிற மாதிரி வலி வரும் என்று கையால் அரிவாள் போட்டுக் காட்டினாய். கண் மஞ்சளாக இருக்கும் என்றாய். மத்திய இந்தியாவின் காட்டுப் பக்கம் இது நிறைய என்றாய். தண்ணீர் குடிக்காமல் கடுமையாக வேலை செய்தால் வரும், குளிரில் வரும். "மேலுக்குச் சில்லுன்னு தண்ணி பட்டாலே போதுங்கப்பா, ஆளையே சுருட்டிப் போட்டுரும்." அந்த இடத்தில்தான் நான் பாதி இலையில் எழுந்தேன். நீ இதய டாக்டராகவில்லை என்ற கோபத்தில் எழுந்துவிட்டதாக நினைத்து, அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றினாய். கோபம் இல்லை சாமி. கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஆளின் பெயர் புத்ராம். நீ ஹாஸ்டலில் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அது, நம் வண்டி சத்தீஸ்கரில் நின்றது. முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சிரித்தால் முகம் முழுக்கப் பல். அந்தக் காட்டு ஊர்களுக்கு வழி காட்டவும் ராடு மாட்டக் கைகொடுக்கவும் உள்ளூர் ஏஜென்ட் சேர்த்துவிட்டிருந்தார். என்னை "அண்ணா" என்பான். அங்கே நம் பக்கத்து ஆளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நன்றாக வேலை செய்வான். நடுவில் இரண்டு நாள், மூன்று நாள் காணாமல் போவான். திரும்பி வரும்போது கண் மஞ்சளாக இருக்கும். நம் ஆட்கள், இலுப்பைப்பூச் சாராயம் குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்றார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு முறையாவது அவனிடம் கேட்டிருக்கலாம். ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று பாறையைப் பார்த்தே சொல்கிற பெரிய மனுஷன், எதிரில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை மாதக் குளிர். விடிந்தும் பனி விலகாத நேரம். முந்நூறு அடி தாண்டித் தண்ணீர் பீறிட்டு வந்து, ராடு கழற்றிக்கொண்டிருந்தவர்கள் மேலெல்லாம் அடித்தது. ஊர்க்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள், நம் ஆட்கள் விசிலடித்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் புத்ராம் முட்டியைக் கட்டிக்கொண்டு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திரு என்றேன். "பிராவத் ஹே அண்ணா" என்றான். வலிக்கிறது என்று அர்த்தம். மொழி புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை, பல சீசன் அங்கே இருந்தவனுக்கு அந்த வார்த்தை நன்றாகவே தெரியும். அடுத்த ஊரில் போர் போடப் பாயிண்ட் பார்த்து வைத்துக் காத்திருந்தார்கள். எனக்கு அவசரம். காலங்காத்தால குடித்துவிட்டு நடிக்கிறான் என்று தோன்றியது. குனிந்து மோந்து பார்த்தேன். சாராய வாசனை வரவில்லை. வரவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்தும், பக்கத்தில் இருந்த பக்கெட்டில் அப்போதுதான் வந்த தண்ணீரை மொண்டு அவன் தலையில் ஊற்றினேன். போதை தெளியட்டும் என்று ஒரு பக்கெட் அல்ல, இரண்டு பக்கெட்.

அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. ராடும் பைப்பும் ஏற்றி வருகிற சப்போர்ட் வண்டி ஓட்டிய செங்கோடனைக் கூப்பிட்டு, இவனை இவன் ஊருக்கு ரோடு பிரிகிற பிரிவில் இறக்கிவிட்டு உடனே திரும்பி வா என்றேன். செங்கோடன் திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. இத்தனை நேரம் எங்கே போனாய் என்று எல்லோர் முன்னாலும் வைதேன். "டயர் பஞ்சருங்க மொதலாளி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மறுநாள் ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பினார். புத்ராம் அப்புறம் வரவில்லை. அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. பதினைந்து நாளில் அவன் பெயர்கூட மறந்துபோயிருந்தது. போன பொங்கலன்று உன் வாயிலிருந்து "சில்லுன்னு தண்ணி" என்ற சொல் வந்தபோது பெயர், முகம், பல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

இதில் உனக்கு ஆச்சரியப்பட எதுவும் இருக்காது என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. உன் வயிற்றில் இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும். நாமக்கல் ஹாஸ்டலில் நீ ஒன்பதாவது படிக்கும்போது வயிறு வலிக்கிறது என்று போன் செய்தாய். பரீட்சை நேரம். "நடிக்காதடா, படிச்சாச் செரியாப் போயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாளும் செய்தாய், அதையே சொன்னேன். மூன்றாம் நாள் வார்டன் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பெற்ற பிள்ளைக்கு வந்தும் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நீ என்னிடம், "நான் நடிக்கலீங்கப்பா" என்றாய். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே காதில் விழாத மாதிரி இருந்தேன். விழுந்தது சாமி. இன்றைக்கு வரைக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

நேற்று இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு சேலம் போனேன். செங்கோடன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகள் வீட்டோடு இருக்கிறான். மலை ஏறுகிற வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சின்னக் கடை. நான் இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மொதலாளி, தம்பிக்குக் கலியாணமுங்களா, பத்திரிக வெக்க வந்தீங்களா?" என்றான். புத்ராம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். செத்துப்போனான் என்ற பதிலுக்குத்தான் தயாராகப் போயிருந்தேன். என் தண்ணீரால் அன்றைக்கே செத்தான் என்று அவன் சொன்னால், உன்னிடம் எப்படிச் சொல்வது என்றும் காரிலேயே யோசித்து வைத்திருந்தேன். செங்கோடன் சிரித்தான்.

"அவன எப்புடீங்க மறக்கறது? அன்னைக்குப் பொழச்சுக்கிட்டானுங்களே. அதுக்கப்பறம் ஆறேழு வருசம் இருந்தானுங்க."

"நீ பிரிவுல எறக்கி உட்டயே, அப்பறம் எப்புடிப் பொழச்சான்?"

செங்கோடன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான். "பஞ்சரே ஆகலீங்க மொதலாளி. பிரிவுல எறக்கி உட்டா நடந்து ஊடு போயிச் சேர மாட்டானாட்ட இருந்துதுங்க. டவுனு ஆஸ்பத்திரிக்கே ஓட்டிட்டுப் போயிட்டனுங்க. ஊசி போட்டு, பாட்டில் ஏத்தி, கண்ணு முழிக்கற வரைக்கும் இருந்துட்டுத்தான் வந்தனுங்க."

அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தோடு அவன் விட்டிருக்கலாம். விடவில்லை. புத்ராமின் மகள் தீபாவளிக்குத் தீபாவளி இவனிடம் போனில் பேசுவாளாம். அப்போது கைக்குழந்தையாம், பெயர் பூல்மதி. அவளுக்கும் அதே வியாதி. மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். நீ முதல் இடத்தில் எழுதியிருக்கிற பெயரைச் சொன்னான். அவள் அனுப்பிய குரல் ஒன்று போனில் இருக்கிறது என்று தேடி எடுத்து என் காதில் வைத்தான். இந்தியில் பேசுகிறாள், சின்னக் குரல். செங்கோடன் மாமா, அண்ணாஜி சுகமாக இருக்கிறாரா, அவர் பிள்ளைகள் சுகமா, அன்றைக்கு அவர் வண்டி கொடுத்து அனுப்பாமல் இருந்தால் எனக்கு அப்பா முகமே தெரிந்திருக்காது, அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுவாள் என்கிறாள். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டேன், தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று. தவறாகக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டில், தண்ணீர் ஊற்றியவனுக்கு விளக்கு வைக்கிறார்கள்.

"ஏண்டா அப்புடிச் சொன்ன? நீயாத்தானே கூட்டிட்டுப் போன?" என்று செங்கோடன்மேல் எரிந்து விழுந்தேன். என்னைத் திருடனாகப் பிடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. செங்கோடன் பயப்படவில்லை. வயதாகிவிட்டால் முதலாளிகளிடம் பயம் போய்விடும் போல.

"அவனாத்தாங்க கேட்டான், அண்ணா சொல்லித்தான் கூட்டியாந்தயான்னு. தண்ணி ஊத்துனதக்கூட, அண்ணா நான் மயங்கீருவேன்னு முழிக்க வெக்கத்தான் ஊத்துனாருன்னு அவனே சொல்லிக்கிட்டானுங்க. நானென்னங்க சொல்றது? ஆமான்னு சொல்லிட்டனுங்க. நீங்க அப்புடிச் சொல்லீருக்கோணும்னு எனக்கும் ஆசையா இருந்துதுங்க."

அங்கிருந்து வீடு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று கேட்காதே. சங்ககிரியில் நிறுத்தி டீ குடித்தேன் என்று சட்டைப்பையில் இருக்கும் பிஸ்கட்டைப் பார்த்துத்தான் தெரிகிறது. புத்ராம் அன்றைக்கே செத்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்தது, மனதுக்குள் அழுது முடித்திருப்பேன். இப்போது ஒரு பெண் அங்கே உட்கார்ந்துகொண்டு என் பிள்ளைகள் சுகமா என்று கேட்கிறாள். அந்தப் பிள்ளை அவளுடைய ஆஸ்பத்திரிக்கே போகிறேன் என்கிறான்.

நேற்று நான் ஏன் கத்தினேன் என்று இப்போது புரிந்திருக்கும். அங்கே போனால் ஏதாவது ஒரு வார்டில், ஏதாவது ஒரு கட்டிலில், என் பெயர் உன் காதில் விழுந்துவிடும் என்று பயந்தேன். திட்டி விழும் என்று நினைத்தேன். கும்பிட்டு விழும் என்று நினைக்கவில்லை, அது திட்டைவிடக் கேவலம். இத்தனைக்கும் நேற்று நான் கேட்டது என்ன? அப்பனின் மானத்துக்காக உன் படிப்பை மாற்றிக்கொள் என்றுதானே? மூன்றாம் முறையாகவும் ஒருவன் வலிக்கிறது என்று சொல்லுமிடத்துக்குக் குறுக்கே நிற்கப் பார்த்தேன். ஆகவே நேற்றுச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பட்டியலை மாற்றாதே. முதல் இடத்தில் எழுதிய ஊர் முதல் இடத்திலேயே இருக்கட்டும், அப்படியே பூட்டிவிடு. கோயம்புத்தூரில் உனக்கு மெஷின் நிறைய இருக்கும், இட்லி கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும். நீ சொன்ன மாதிரி, தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் போர் போட வேண்டும்.

அறிவுரை சொல்கிற தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போவதற்கு முன் அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொள், பெரிய பெரிய வார்த்தை வேண்டாம், எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்க வந்தால் போதும். வலிக்கிறது என்கிறவனை மோந்து பார்க்காதே. வேலைக்கு இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் மஞ்சள் கண்ணோடு வருகிறவர்களின் முதலாளிகள் என்னைப் போல நிறையப் பேர் அங்கே இருப்பார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லு. நம் தொழில்காரர்கள் வருஷா வருஷம் போடுகிற மலருக்கு இந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடப் போகிறேன். பெயர் போடாவிட்டாலும் எழுதியது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். நம் வண்டிகள் இன்னும் அங்கே நிற்கின்றன, அந்தப் பக்கெட்டும் வண்டியில்தான் இருக்கிறது.

பூல்மதியை நீ பார்ப்பாய். நீ யார் பிள்ளை என்று தெரிந்ததும் அவள் கும்பிடுவாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளாதே, எனக்காகவும் வாங்கி வைக்காதே. நீயாக அவளிடம் எதையும் சொல்லவும் வேண்டாம். அது என் வேலை. செங்கோடனிடம் பேசிவிட்டேன். "எனக்கெதுக்குங்க மொதலாளி இந்த வயசுல அத்தன தூரம்?" என்று இழுத்தான். மொதலாளி என்று சொல்லாதே, வா என்றேன். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டான். இடம் உறுதியானதும் சொல்லு, மூன்று டிக்கெட் போடுகிறேன். உனக்கு அங்கே கிடைக்காமல் போனால் இரண்டு டிக்கெட் போடுவேன். அந்த வீட்டில் தினமும் விளக்கு வைத்துச் சொல்ல வேண்டிய பெயர் செங்கோடன். அதை அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அப்பா